கோணக்காலிக்குக் கண்ணீர் அஞ்சலி

காவிரி டெல்டா பந்தயப் புறா வளர்ப்போர் சங்கத்தின் நிரந்தரத் தலைவர் சாரங்கபாணி வீட்டு மொட்டைமாடியில் புறாக்களுக்கு ஏசி உண்டு. அந்தப் புறாக்களின் கூண்டைக் கழுவித் துடைத்துத் தீனி வைக்கும் இராஜாங்கம் தனக்கு ஒரு மின்விசிறி கேட்டு மூன்று கோடை ஆகிறது. 'பார்க்கலாம்' என்று தலைவர் சொல்லியிருக்கிறார். தலைவர் என்பதற்கு முன்னால் 'நிரந்தர' என்ற சொல்லைச் சங்கத்தின் விதிமுறைப் புத்தகத்தில் சேர்த்தவரும் அவர்தான், புத்தகத்தை அச்சடித்துக் கொடுத்தவரும் அவர்தான். மஸ்கட்டில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர், பதினெட்டு ஏக்கரையும் குத்தகையிலேயே விட்டுவைத்து, ஊரில் மரியாதைக்கு ஏதாவது ஒன்று வேண்டுமே என்று தேடினார். கூட்டுறவு சங்கத் தேர்தலில் நின்று தோற்றார். பிறகுதான் புறாவுக்கு வந்தார். புறாக்களுக்கு ஓட்டு இல்லை.

அவருடைய கொள்கை ஒன்றே ஒன்று: ரத்தம். பெல்ஜியத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் ஒரு ஜோடியின் வம்சாவளி, ஏழு தலைமுறைக்கு, லேமினேட் செய்து கூடத்தில் மாட்டப்பட்டிருந்தது. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அதைப் படித்துவிட வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பங்குனியில் அந்த ரத்தத்துக்கு நோய் கண்டது. குஞ்சுகளின் தொண்டையில் மஞ்சளாகக் கட்டி. கால்நடை ஆய்வாளர் செம்மொழிக்குப் போன் போயிற்று. அவள் அப்பா முருகையன் சாரங்கபாணியின் நிலத்தில் முப்பது வருடம் குத்தகைக்குச் சாகுபடி செய்து அதிலேயே உடம்பு போய் இறந்தவர். மகள் அரசாங்க வேலையில் இருக்கிறாள், வீட்டில் பதினோரு புறா வளர்க்கிறாள், சங்கத்தில் சந்தா கட்டிய உறுப்பினர். தலைவர் அவளை 'நம்ம மகளிர் அணி' என்று அறிமுகப்படுத்துவார். அணியில் அவள் ஒருத்திதான்.

"வாம்மா, முருகையன் மவளே. செருப்ப கீழயே வுட்டுட்டு வா. புறாவுக்கு இன்ஃபெக்‌ஷன் ஆயிடும்" என்றார் சாரங்கபாணி. அவர் பூட்ஸோடு நின்றிருந்தார்.

செம்மொழி ஒவ்வொரு குஞ்சாக வாயைத் திறந்து பார்த்து மாத்திரை எழுதினாள். கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. இருபது நாள் குஞ்சு, எலும்பும் தோலும். வலது காலில் ஒரு விரல் உள்பக்கமாக மடங்கியிருந்தது. இடது காலில் சங்கத்தின் அலுமினிய வளையம், எண் 1147.

"இத வாய்க்கால்ல போட்டுடு, இராஜாங்கம். ரத்தத்துல கோளாறு" என்றார் தலைவர்.

"அஞ்சு நாள் மாத்திரை குடுத்தா தேறிடும் சார்."

"விரலு?"

"அது அப்படியேதான் இருக்கும். விரலாலயா பறக்கப்போவுது?"

"உனக்கு மாட்டப் பத்தித் தெரியும்மா. இது வேற."

தெருமுனையில் இராஜாங்கம் சைக்கிளில் துரத்திக்கொண்டு வந்து ஓர் அட்டைப்பெட்டியை நீட்டினான். "டாக்டரம்மா, வாய்க்கால்ல தண்ணியே இல்ல. சும்மா போட்டா நாய்தான் தின்னும். பாவத்த நான் ஏன் சுமக்கணும்? நீங்களே வச்சிக்கங்க."

செம்மொழியின் வீடு தொகுப்பு வீடு. மாடியில் ஏசி இல்லை. எப்போதோ அரசாங்கம் இலவசமாகக் கொடுத்து, ஓடி ஓய்ந்த தொலைக்காட்சிப் பெட்டியைக் குடலை உருவிவிட்டு மாடியில் வைத்திருந்தாள். அதுதான் 1147-இன் வீடு. கம்பும் சோளமும் பச்சைப்பயறும் தீனி. செங்கல் தூளோடு முத்துப்பேட்டையிலிருந்து வரும் கிளிஞ்சலை இடித்துக் கலந்து ஒரு கொட்டாங்குச்சியில் வைப்பாள். அம்சம், செம்மொழியின் அம்மா, நூறு நாள் வேலைக்குப் போகிறவள், அந்தக் குஞ்சுக்குக் கோணக்காலி என்று பேர் வைத்தாள்.

பழக்குவது பொறுமை வேலை. முதலில் திருவையாற்றிலிருந்து விட்டாள். அடுத்த வாரம் அரியலூர். பிறகு விருத்தாசலம். மூடிபோட்ட காய்கறிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போவாள். உள்ளே என்ன என்று நடத்துனர் கேட்டால் 'மருந்து' என்பாள். கூடை 'க்கூம்' என்னும். "ரொம்ப வீரியமான மருந்தா இருக்கும் போல" என்று ஒருவர் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

கோணக்காலியிடம் ஒரு குணம் இருந்தது. ஊர் திரும்பினால் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருக்க மாட்டாள். மேலே ஒரு வட்டம், அவ்வளவுதான், நேராக டிவி பெட்டிக்குள் பாய்ந்துவிடுவாள். பந்தயத்தில் இதற்குத்தான் விலை. புறா ஊருக்கு வந்தால் போதாது, கூட்டுக்குள் வர வேண்டும். பந்தயத்துக்கு அனுப்பும்போது சங்கம் காலில் மாட்டிய ரப்பர் வளையத்தைக் கழற்றி, அதன் உள்ளே இருக்கும் ரகசிய எண்ணைச் சங்கச் செயலாளருக்குப் போனில் சொல்ல வேண்டும். அந்த நேரம்தான் நேரம். பாதாம்பருப்பு தின்று வளர்ந்த தலைவரின் புறாக்கள் வந்ததும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்து காற்று வாங்கும். தலைவர் கீழிருந்து "வா ராஜா, வா கண்ணு" என்று அரைமணி நேரம் கெஞ்சுவார். ரத்தம் அசையாது.

அடுத்து வந்த தை மாதம் செங்கல்பட்டிலிருந்து பந்தயம். கோணக்காலி அடையில் இருந்தாள். பந்தயத்துக்கு முதல் நாள் செம்மொழி ஒரு காலி முட்டையோட்டில் உயிரோடு ஒரு வண்டை விட்டு, ஓட்டையை ஒட்டி, அவள் வயிற்றுக்கடியில் வைத்தாள். உள்ளே எதுவோ நெளிய, குஞ்சு பொரியப்போகிறது என்று கோணக்காலி உடம்பெல்லாம் சிலிர்த்து உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து அவளைத் தூக்கிக் கூடையில் போட்டாள் செம்மொழி. குஞ்சைப் பார்க்கிற அவசரத்தில் பறந்து வருவாள் என்பது கணக்கு.

"பெத்தவள ஏமாத்துறியேடி" என்றாள் அம்சம்.

"ஜெயிச்சிட்டு வந்து என்னைக் கொத்தட்டும்மா."

அப்படியேதான் நடந்தது. அறுபத்து நாலு புறாவில் முதலாவது. வந்து கொத்தவும் செய்தாள்.

பரிசு கொடுக்க வந்த சாரங்கபாணி புறாவைக் கையில் வாங்கிப் போட்டோவுக்குச் சிரித்தார். சிரிப்பின் நடுவில் வளையத்தைப் படித்தார். "இது என் புறா" என்றார்.

அடுத்த ஞாயிறு செயற்குழு கூடியது. செயலாளர் ஜெய்னுலாபுதீன் பட்டுக்கோட்டையில் செல்போன் கடை வைத்திருப்பவர், நல்லவர். நல்லவராக இருப்பதற்குத் தைரியமும் கொஞ்சம் வேண்டும் என்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவர். விதி பதினேழைப் படித்தார்: வளையம் எவர் பெயரில் பதிவாகியுள்ளதோ, புறா அவருக்கே உரியது.

"வாய்க்கால்ல போடச் சொன்னீங்களே சார், இராஜாங்கம் சாட்சி" என்றாள் செம்மொழி.

"போடச் சொன்னது புறாவ. வளையத்த இல்ல."

"அப்ப வளையத்த எடுத்துக்குங்க, புறாவ விடுங்க."

"தாராளமா. கால வெட்டாம கழட்டிக் குடு."

செயற்குழு சிரித்தது. பொரிந்த ஏழு நாளுக்குள் மாட்டும் வளையம் அது. கால் பருத்த பிறகு கழலாது. குழுவில் இருந்த அத்தனை பேருக்கும் இது தெரியும். தெரிந்துதான் சிரித்தார்கள்.

"வளையங்கிறது பட்டா மாதிரிம்மா. பட்டா யாரு பேர்ல இருக்கோ அவன்தான் ஓனரு" என்றார் தலைவர்.

"பட்டா உங்க பேர்ல இருக்கலாம் சார். சாகுபடி நானு. குத்தகைக்காரனுக்குன்னு தனியா பதிவு இருக்கு, சட்டம் இருக்கு. எங்கப்பா பேரு அதுல ஏறுன அன்னிக்கிலேருந்து நீங்க ஒரு வாரம் சாப்பிடலையாமே?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஏகமனம் என்பது தலைவருடைய மனம்.

கூடையோடு வந்த இராஜாங்கம் வாசலிலேயே நின்றான். அம்சம்தான் மாடிக்குப் போய்க் கோணக்காலியைத் தூக்கி வந்தாள். "சாவட்டும்னு தூக்கிப் போட்டப்ப அவன் ரத்தம் இல்ல. கப்பு வாங்குனதும் ரத்தம் வந்துடுச்சா? அந்தாளுகிட்ட கேளு, நான் கேட்டேன்னு சொல்லு."

"கேட்டா என்னையும் வாய்க்கால்ல போட்டுடுவாரு அக்கா."

செம்மொழி கூடைக்குள் ஒரு கை கம்பு போட்டாள். "இராஜாங்கம் அண்ணே, அவருகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வளந்த புறாவுக்கு வீட்ட மாத்த முடியாது. உள்ளயே வச்சிக் குஞ்சு எடுத்துக்கட்டும். பறக்க மட்டும் விட வேணாம்."

அவன் சொன்னான். தலைவர் அதற்கும் ரத்தத்தையே பதிலாகச் சொன்னார். "ஏழு தலைமுறை ரத்தம்யா. தன் ரத்தத்தத் தேடி வரும்."

இரண்டு மாதம் ஏசியில் அடைத்து வைத்தார். பேரை 'டெல்டா குயின்' என்று மாற்றினார். பெல்ஜியம் சேவல் ஒன்றை ஜோடியாக விட்டார். கோணக்காலி அதை மூலைக்கு மூலை விரட்டினாள் என்று இராஜாங்கம் சந்தையில் செம்மொழியிடம் சொன்னான். அவள் காய் வாங்காமலே திரும்பிவிட்டாள். இங்கே டிவி பெட்டியில் கோணக்காலியின் ஜோடி, கறுப்பன் என்கிற ஆண் புறா, வேறு எந்தப் பெட்டையையும் உள்ளே விடாமல் காலியான கூட்டுக்குக் காவல் இருந்தது.

பங்குனியில் பருவத்தின் கடைசிப் பந்தயம். ஆந்திராவில் ஓங்கோலிலிருந்து, ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். தலைவர் டெல்டா குயினைப் பதிவு செய்தார். அதோடு வரவேற்புக்கும் ஏற்பாடு செய்தார். வாசலில் பந்தல். 'விண்ணை வென்று வரும் வீராங்கனையே வருக' என்று ஃப்ளெக்ஸ். அதில் புறா உள்ளங்கை அளவு, தலைவர் ஆள் உயரம். நாதஸ்வரம், தவில், ஆயிரம் வாலா சரம் இரண்டு. மைக்கில் ஒருவர் அவரைப் 'புறாச் செம்மல்' என்று நிமிடத்துக்கு ஒருமுறை அழைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பட்டத்தை வழங்கிய விழாவின் செலவும் தலைவருடையதுதான்.

காலை ஆறு மணிக்கு ஓங்கோலில் கூடைகள் திறந்தன. மூன்று மணி தாண்டி வடக்கே வானத்தில் ஒரு புள்ளி. "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று கூட்டம் எழுந்தது. நாதஸ்வரம் வீறிட்டது. யாரோ உற்சாகத்தில் சரத்தைக் கொளுத்தினார்கள். புள்ளி புறாவாகி, பந்தலுக்கு நேர் மேலே வந்து, இறக்கையைக்கூட மடக்காமல் கிழக்கே போயிற்று.

கூட்டம் தலைவரைப் பார்த்தது.

"அது கோயில் புறா" என்றார் சாரங்கபாணி. "கோபுரத்துல இருக்கறது. நம்ம குயின் பின்னால வருது."

இரண்டு கிலோமீட்டர் கிழக்கே, வற்றல் காயப்போட மாடிக்கு வந்திருந்த அம்சம் கத்தினாள். "ஏய் செம்மொழி! வந்துட்டாடி!"

ஒரு வட்டம். நேராக டிவி பெட்டிக்குள். கறுப்பன் எழுந்து வழிவிட்டது. செம்மொழி கையை உள்ளே விட்டாள், கோணக்காலி கொத்தினாள், அதே மடங்கிய விரல். மணி மூன்று பன்னிரண்டு. ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவள் ஒரு நிமிடம் நின்றாள்.

பேசாமல் இருந்துவிடலாம். மறுநாள் பொழுது சாய்வதற்குள் எண் வராத புறா தொலைந்த கணக்கு, வளையப் பதிவு ரத்தாகும் என்பது விதி இருபத்தொன்று. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், கோணக்காலி அவளுடையவள். ஆனால் ஐந்நூறு கிலோமீட்டர் பறந்து வந்ததை எதில் எழுதுவது? வேறு எந்தப் புறாவும் இன்னும் வந்து சேரவில்லை என்று சங்கத்தின் வாட்ஸ்அப் குழு சொல்லியது. திருட்டுப் பொருள் மாதிரி அதை ஒளித்து வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

செயலாளருக்குப் போன் போட்டாள். "பாய், 1147 வந்துருச்சு. எங்க வீட்டுக்கு. நேரத்தக் குறிச்சிக்குங்க."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "தங்கச்சி, ஓனரு போன்லேருந்து, ஓனரு கூட்டுலேருந்து வரணும்மா. என் கையில ஒண்ணும் இல்ல."

தலைவருக்குப் போட்டாள். பின்னால் தவில் சத்தம்.

"சார், உங்க புறா வந்துருச்சு. முதல் புறா. மூணு பன்னெண்டு. வந்து கூட்டிட்டுப் போங்க, நம்பர் வேணும்னா இப்பவே சொல்றேன்."

"எங்கேந்து பேசுற?"

"எங்க வீட்லேருந்துதான். டிவி பெட்டில உக்காந்திருக்கு."

முந்நூறு பேர் முன்னால் சாரங்கபாணிக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, ஏழு தலைமுறை பெல்ஜியம் ரத்தம் தன் தலைக்கு மேலேயே பறந்து முருகையன் மகளின் பழைய டிவிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது என்று ஒப்புக்கொள்வது. "ராங் நம்பர்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

பிறகு மைக்கை வாங்கினார். குரல் தழுதழுத்தது. டெல்டா குயின் கொள்ளிடத்துக்கு மேலே வல்லூறு ஒன்றோடு நடுவானில் போராடி வீரமரணம் அடைந்துவிட்டதாக இப்போதுதான் தகவல் வந்தது என்றார். யார் பார்த்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நாதஸ்வரக்காரர் கேட்காமலே முகாரிக்கு மாறினார். மூன்று முப்பத்தொன்றுக்கு வந்த முத்துப்பேட்டை ஹம்தானின் புறா கோப்பையை வாங்கிக்கொண்டது. அந்தப் பையனுக்கு ஒன்றும் தெரியாது.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் புது ஃப்ளெக்ஸ் நின்றது. கண்ணீர் அஞ்சலி. தோற்றம், மறைவு, வளைய எண் 1147. 'உன் பிரிவால் வாடும்' என்று போட்டு இந்தத் தடவையும் தலைவர் ஆள் உயரம், கறுப்புக் கண்ணாடியோடு.

பத்து மணிக்கு இராஜாங்கம் கூடையைத் தூக்கிக்கொண்டு செம்மொழி வீட்டுக்கு வந்தான். "டாக்டரம்மா, யாருக்கும் தெரியாம புறாவ வாங்கிட்டு வரச் சொன்னாரு. உள்ள வச்சிக் குஞ்சு மட்டும் எடுத்துக்கறாராம்."

"எந்தப் புறா?"

"அதான்... அது."

அம்சம் முந்திக்கொண்டாள். "செத்துப்போனதுக்கு போஸ்டர் ஒட்டியாச்சு, இன்னும் எத வாங்க வந்திருக்க? பொணத்தையா?"

இராஜாங்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். காலிக் கூடையோடு திரும்பிப் போனான்.

அதற்கடுத்த ஞாயிறு சங்கத்தில் இரங்கல் கூட்டம். செம்மொழியும் போனாள். தலைவர் இருபது நிமிடம் பேசினார், வல்லூறின் இறக்கை அகலம் உட்பட. பிறகு இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி. எல்லோரும் எழுந்தார்கள். செம்மொழியும் எழுந்து நின்றாள். சிரிப்பு வரும் என்று நினைத்துத்தான் வந்திருந்தாள். வரவில்லை. வீட்டில் கோணக்காலி வேப்பங்குச்சி பொறுக்கிக் கூடு கட்டிக்கொண்டிருக்கிறாள். இங்கே நாற்பது ஆண்கள் தலை குனிந்து நிற்கிறார்கள். அதில் பத்துப் பேருக்காவது உண்மை தெரியும். அந்தப் பத்துப் பேர்தான் ரொம்பக் குனிந்திருந்தார்கள்.

மௌனம் முடிந்ததும் அவள் கேட்டாள். "இரங்கல் தீர்மானத்துல என்ன எழுதியிருக்கீங்க பாய்? சத்தமா படிங்க."

ஜெய்னுலாபுதீன் படித்தார். "வளைய எண் 1147 மரணமடைந்தது. பதிவு ரத்து செய்யப்படுகிறது. ரத்து செய்யப்பட்ட வளையத்தின் மீது எவருக்கும் உரிமை இல்லை."

"தலைவர் கையெழுத்து?"

"போட்டுட்டாரும்மா."

"எனக்கு ஒரு நகல் வேணும்."

சாரங்கபாணி அவளைப் பார்த்தார். என்ன நடந்துவிட்டது என்பது அவர் முகத்துக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தது.

ஐந்து வாரம் கழித்து டிவி பெட்டியில் இரண்டு குஞ்சு பொரிந்தது. ஏழு நாளுக்குள் வளையம் மாட்டியாக வேண்டும். நான்காம் நாள் செம்மொழி பட்டுக்கோட்டைக் கடைக்குப் போய் இரண்டு வளையத்துக்கு மனு கொடுத்தாள். ஜெய்னுலாபுதீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். 'தாய்ப் புறாவின் வளைய எண்' என்ற இடத்தில் 1147 என்று இருந்தது.

"தங்கச்சி, அது செத்துடுச்சே."

"ஆமா பாய். நானுந்தான் எந்திரிச்சி நின்னேன்."

"செத்ததுக்கு அப்புறம் முட்ட வச்சதா எப்படி எழுதுறது? வேற எண்ண எழுதிக் குடு. கண்ண மூடிக்கிட்டு போட்டுத் தாரேன்."

"வேற பெட்டைக்குப் பொறந்ததுன்னு பொய் எழுதவா? ஏன், பொய்யெல்லாம் தலைவரு ஒருத்தர் சொன்னது பத்தாதா? ரெண்டு மாசம் என் புறாவப் பூட்டி வச்சீங்க. வந்த நேரத்த எழுத மாட்டேன்னீங்க. உயிரோட இருக்கறதுக்கு எழவு கொட்டுனீங்க. இத்தனைக்கும் உங்க கையெழுத்து இருக்கு பாய். இதுக்கு மட்டும் கை வராதா?"

கடையில் செல்போனுக்கு உறை வாங்க வந்திருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். ஜெய்னுலாபுதீன் வெகுநேரம் பேனாவை உருட்டினார். பிறகு பதிவேட்டை இழுத்து, செம்மொழியின் பெயரை எழுதி, இரண்டு எண்களைப் பதிந்து, தாய் என்ற கட்டத்தில் 1147 என்று எழுதினார். கை அதோடு நிற்கவில்லை. பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு 'அமரர்' என்று சேர்த்தது.

"அத அடிங்க."

"அடிச்சா தலைவரு பொய் சொன்ன மாதிரி ஆயிடும்மா."

"பொய்தானே சொன்னாரு?"

அவர் அடிக்கவில்லை. இரண்டு வளையத்தையும் ஒரு சிம் கார்டு உறையில் போட்டு நீட்டினார். செம்மொழி வாங்கிக்கொண்டு, பேனாவையும் அவர் கையிலிருந்து வாங்கி, அந்தச் சொல்லின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் விடிந்ததும் மாடிக்குப் போனாள். குஞ்சின் மூன்று முன்விரல்களையும் சேர்த்து வளையத்துக்குள் நுழைத்து, பின்விரலைக் காலோடு ஒட்டிப் பிடித்து மேலே இழுத்து, தீக்குச்சியால் அந்த விரலை வெளியே எடுத்தாள். இரண்டுக்கும் விரல் நேராகத்தான் இருந்தது. வேலை முடிகிற வரை அமரர் அவளுடைய மணிக்கட்டை விடாமல் கொத்திக்கொண்டிருந்தாள்.